சாயக்காரன் கை

ஸிஸீலியா பெய்ன் தம் சுயசரிதைக்கு ‘சாயக்காரன் கை’ என்று பெயர் வைத்தார். ஷேக்ஸ்பியரின் பாட்டிலிருந்து எடுத்தது. நட்சத்திர ஒளியைப் பட்டையாகப் பிரித்து, அதில் தெரியும் கறுப்புக் கோடுகளைப் படித்தே ஆயுளைக் கழித்தவர்; தொழிலின் சாயம் கையில் ஏறிவிட்டது என்கிறார் போலும். நல்ல பெயர்தான்.

ஆனால் அவர் எழுதியவற்றுள் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு வரி. 1925-ல், இருபத்தைந்து வயதில், ஹார்வர்டில் எழுதிய ஆராய்ச்சி நூலில் வருவது. கோடு அழுத்தமாக விழுவது பொருளின் அளவை மட்டுமல்ல, உஷ்ணத்தையும் பொறுத்தது; மேகநாத ஸாஹா 1920-ல் வெளியிட்ட சூத்திரம் அதற்குக் கணக்குச் சொல்லிற்று. அதைக் கொண்டு பெய்ன் கணக்குப் போட்டார். சூரியனிலும் பூமியில் உள்ள சரக்கேதான், ஏறக்குறைய அதே விகிதத்தில், என்று பெரியவர்கள் நம்பிய காலம். அவருக்கு வந்த விடையோ, உலோகங்களைப் போல் பத்து லட்சம் மடங்கு ஹைட்ரஜன்!

பிரின்ஸ்டனிலிருந்து ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், அது நடக்காத காரியம் என்று எழுதினார். பெய்னும், இந்த அளவு நம்பத்தக்கதல்ல என்ற பொருள்பட ஒரு வரியைத் தம் நூலில் சேர்த்துவிட்டார். 1929-ல் ரஸ்ஸலே வேறு வழியாக அதே முடிவுக்கு வந்தார். பெய்ன் பெயரையும் சொன்னார். புகழ் என்னவோ வெகுகாலம் அவருக்கே போயிற்று.

இதை எழுதுகிறவர்களில் பலர் ரஸ்ஸலை வில்லனாக்கிவிடுகிறார்கள். வில்லன் கிடைத்துவிட்டால் கதாசிரியனுக்குப் பாதி வேலை மிச்சம். எனக்கு அது ருசிக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னார், பின்னால் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். நான் பார்ப்பது பெய்னின் அட்டவணையை. வாக்கியத்தில் பின்வாங்கியவர் எண்ணை அழிக்கவில்லை. ஹைட்ரஜனுக்கு வந்த எண் அப்படியே அச்சாகியிருக்கிறது. பெரியவர் சொல்லுக்கு அடங்கிய பெண்ணும், கணக்குக்கு மட்டுமே அடங்கும் விஞ்ஞானியும் ஒரே நூலில் குடியிருக்கிறார்கள். ஒரு பாத்திரத்தை இத்தனை சிறிய இடத்தில் காட்ட எந்த நாவலாசிரியனால் முடியும்?

சுயசரிதையில் அவர் ரஸ்ஸலைத் திட்டவில்லை. அழுத்திச் சொல்லாதது என் குற்றம் என்கிறார். பெருந்தன்மைதான், ஆனால் எனக்குப் போதவில்லை. பெண்களுக்குப் பட்டம் தராத கேம்பிரிட்ஜில் படித்தவர். ஹார்வர்டில் அவர் நடத்திய வகுப்புகள் 1945 வரை பாடப் பட்டியலில் ஏறவில்லை. பேராசிரியர் பதவி வந்தது 1956-ல். அப்படிப்பட்ட இடத்தில், ரஸ்ஸலின் ஒரு சொல்லால் எதிர்காலமே போய்விடக்கூடிய இருபத்தைந்து வயதுப் பெண், அந்த வரியை எழுதாமல் இருந்திருக்க முடியுமா? தம் இளமையை விசாரிக்க உட்கார்ந்தவர், எதிர்த்தரப்பு வக்கீலை மட்டும் பேசவிட்டுவிட்டார்.