விளம்பரத்தின் வினை

ஆரணியில் தறியோசை கேட்கும் ஒரு தெருவின் வழியே காலையில் நடந்து, பாவின் குறுக்கே நாடா ஓடும் அந்தச் சீரான ஒலியைச் செவியில் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே சென்னைக்குப் புறப்படும் ஒருவர், நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் நிற்கும் பட்டு விளம்பரப் பலகைகளைக் காணும்போது, ஒரே பொருளைக் குறித்து இரண்டு பாஷைகள் பேசப்படுகின்றன என்பதை உணராமலிருக்க முடியாது. தறியின் பாஷையில் மிகைக்கு இடமில்லை. இழை அறுந்தால் அதை முடிந்த பிறகே மேலே நெய்யலாம். பலகையின் பாஷைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அப்படிக் கட்டுப்பாடின்றிப் பேசிய பேச்சு, பேசியவரையே திரும்பத் தாக்கிய சம்பவங்கள் பல. அவற்றை ஆராயும்போது என் மனத்தை வருத்துவது தாக்குண்ட நிறுவனங்களின் நஷ்டம் அன்று. அந்தப் பேச்சில் ஒரு சொல்லுக்கும் பொறுப்பில்லாதவர்கள் அதன் வினையைச் சுமக்க நேர்வதே.

முதலில் விளம்பரத்தின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பார்கள். பூவின் வாசனை தானே தெருவுக்கு வந்து அழைக்கும். பட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அசல் பட்டையும் செயற்கை இழையையும் வெறும் பார்வையில் பிரித்தறிவது சாமானிய ஜனங்களுக்கு எளிதன்று. ஆகவே வாங்குகிறவருக்கும் நெய்கிறவருக்கும் இடையில் நம்பத்தக்க ஒரு வாக்கு தேவைப்படுகிறது. ஆடி மாதத்தில் சுபகாரியங்கள் செய்வதில்லை என்ற வழக்கத்தால் ஓய்ந்து கிடக்க வேண்டிய ஜவுளிக் கடைகளை, ஆடித் தள்ளுபடி என்ற ஒரே சொல் ஜனத்திரளால் நிரப்பிவிட்டது. 2008-ஆம் ஆண்டில் தி சென்னை சில்க்ஸ் நிறுவனம், ரவிவர்மாவின் ஓவியங்கள் பதினொன்றைக் காஞ்சிபுரத்துத் தறியில் சேலையாக நெய்வித்து, சுமார் 40 லட்சம் ரூபாய் விலையிட்டு உலகின் கவனத்தைத் திருப்பியதே, அதுவும் விளம்பரந்தான். ஆயினும் அங்கே கலைஞனின் கைத்திறன் கண்முன்னே இருந்தது. சொல்லுக்குப் பின்னால் பொருள் நின்றது. சொல் பொருளைவிட்டு விலகும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

அவ்விபரீதங்களில் முதல் வகை, கொடுக்க முடியாததை வாக்களிப்பது. 1992-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பெப்சி நிறுவனம், புட்டி மூடிகளுக்குள் எண்களை அச்சிட்டு, வெற்றி எண் கிடைத்தவருக்குப் பத்து லட்சம் பெசோ வரை பரிசு என்று அறிவித்தது. மே மாதத்தில் 349 என்பது வெற்றி எண்ணாக வெளியானபோது, பிழையினால் அந்த எண் லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகியிருந்தது தெரியவந்தது. வாழ்க்கையே மாறிவிட்டதென்று ஆனந்தித்த ஏழைகளின் ஏமாற்றம் கலகமாக வெடித்தது. வண்டிகள் எரிந்தன, மறு ஆண்டு பெப்சி வண்டி ஒன்றின்மீது எறியப்பட்ட வெடிகுண்டில், அவ்வழியே சென்ற ஓர் ஆசிரியையும் ஒரு குழந்தையும் உயிரிழந்தனர். விளம்பரத்தை வகுத்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். மாண்டவர்களோ அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்.

இரண்டாம் வகை, மனிதரை இழிவுபடுத்துவது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் கல்யாண் ஜுவல்லர்ஸ் வெளியிட்ட விளம்பரத்தில், ஆபரணங்கள் பூண்டு அமர்ந்திருந்த ஐஸ்வர்யா ராய்க்குப் பின்னால், மெலிந்த கறுத்த சிறுவன் ஒருவன் குடை பிடித்து நின்றான். ராஜ கம்பீரத்தைக் காட்டுவதே நோக்கம் என்று நிறுவனம் கூறியது. ஆனால் குழந்தைத் தொழிலாளர் என்ற களங்கத்தைப் போக்கப் போராடிக்கொண்டிருக்கும் ஒரு தேசத்தில், குழந்தையின் அடிமைத்தனத்தை இன்னொருவருடைய அழகுக்கு அலங்காரமாக்குவது எத்தகைய ரசனை என்று சமூக ஆர்வலர்கள் பகிரங்கக் கடிதம் எழுதிக் கேட்டார்கள், விளம்பரம் விலக்கப்பட்டது. 1975-இல் தோன்றி, வெண்மையே அழகு என்று தலைமுறைகளுக்குப் போதித்த ஃபேர் அண்ட் லவ்லி என்ற முகக்களிம்பு, 2020-இல் தன் பெயரிலிருந்தே அந்த முதற்சொல்லை நீக்க நேர்ந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. இங்கே எழுந்த கண்டனத்தை மருந்தென்றே மதிக்க வேண்டும். கசந்தாலும் அது தேகத்துக்கு நன்மை செய்தது.

ஆனால் கூச்சல் எழுந்தது என்பதனாலேயே விளம்பரம் பிழையுடையது என்று தீர்ப்பளிப்பதும் நேர்மையாகாது. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில், தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து உருவாக்கிய டைட்டனின் நகைப் பிரிவான தனிஷ்க், ஒரு சிறு படத்தை வெளியிட்டது. முஸ்லிம் குடும்பம் ஒன்று, தன் ஹிந்து மருமகளுக்கு அவள் பிறந்தகத்து முறைப்படி சீமந்தம் செய்து மகிழ்கிறது. படத்தின் சாரம் அவ்வளவே. அதற்கு எழுந்த பகைமையைக் கண்டு, கடைச் சிப்பந்திகளின் பாதுகாப்பையும் காரணமாகக் கூறி, நிறுவனம் அப்படத்தைத் திரும்பப் பெற்றது. அதில் விதிமீறல் ஏதுமில்லை என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் கூறியிருந்தும், நல்ல சொல் ஒன்று மௌனமாயிற்று. சிப்பந்திகளைக் காக்க விரும்பியதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அன்பைச் சொன்ன வாய் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது பெரிய நஷ்டம் என்றே கருதுகிறேன். கண்டனம் எவ்வளவு உரத்தது என்பதைக் கொண்டு குற்றத்தை அளக்கலாகாது. யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஆரணிக்குத் திரும்பினால், கூச்சலே எழாத ஒரு தீங்கு இங்கே நெடுநாளாக நடந்துவருவது புலப்படும். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூரின் சேலை எடை குறைந்தது, உடுத்த இலகுவானது. புவிசார் குறியீடு பெற்றது. எனினும் இங்கே நெய்யப்படும் சேலை, சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு கடையேறுவது இவ்வட்டாரம் அறிந்த செய்தி. காஞ்சியின் கீர்த்தி பெரியது. அதன் கோர்வைக் கரைக்கும் கனத்த ஜரிகைக்கும் உரிய மதிப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பட்டையும் காஞ்சி என்று விற்கும் விளம்பரம் ஒரே வீச்சில் இரண்டு ஊர்களுக்குத் துரோகம் செய்கிறது: காஞ்சியின் பெயர் நீர்த்துப்போகிறது, ஆரணியின் பெயர் பிறக்கவே இல்லை. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லும்போதோ, நாள்கணக்கில் குழியில் கால் வைத்து உழைத்தவரின் கூலி, ஒரு சொல்லின் பொய்யால் குறைந்துபோகிறது.

இது பட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆலையில் செய்த துணியைக் கதர் என்று விற்றதாகக் குற்றஞ்சாட்டி, கதர் மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் 2018-இல் ஃபேப்இந்தியா நிறுவனத்திடம் 525 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. நிறுவனம் அதை மறுத்தது. வழக்கின் நியாயம் எப்பக்கத்ததாயினும், கதர் என்ற ஒரு பெயருக்கு அத்தனை பெறுமதி உண்டு என்பதை அது காட்டிற்று. அந்தப் பெறுமதி விளம்பரக்காரர் உண்டாக்கியதன்று. இராட்டை சுற்றிய கைகள் உண்டாக்கியது.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. அசல் பட்டுக்குச் சில்க் மார்க் 2004-இல் வந்தது. ஆனால் அது இழையின் தூய்மையைச் சொல்லுமேயன்றி, நெய்தது கையா விசையா என்று சொல்லாது. அதைச் சொல்லும் கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறினால் ஐம்பது லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமளித்தது. எனினும் சட்டம், கேட்பவர் இருந்தால்தான் பேசும். சேலை வாங்குகிறவர் முந்தானையின் அழகைப் பார்ப்பதோடு நில்லாமல், இது எந்த ஊரில், எந்தத் தறியில் நெய்தது என்று கேட்கும் பழக்கம் வந்தாலொழிய, முத்திரைகள் துணியில் தொங்கும் காகிதங்களாகவே இருந்துவிடும்.

ஆகவே விளம்பரம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயமன்று. அதற்கு ஒரு பரீட்சை வேண்டும் என்பதே என் விண்ணப்பம். பட்டுக்கடையின் விளம்பரம் ஒன்றை, பலகையில் ஏற்றுவதற்கு முன், ஆரணித் தெருவில் தறியில் அமர்ந்திருக்கும் ஒருவருக்குப் படித்துக் காட்டட்டும். அவர் நாடாவை நிறுத்திக் கேட்டுவிட்டு, “ஆமாம், நான் நெய்தது இதைத்தான்” என்று சொல்வாரானால், அவ்விளம்பரத்தை ஊரறியச் சொல்லலாம். பிறகு எந்தக் கூச்சல் எழுந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் மீண்டும் நாடாவைக் கையிலெடுப்பாரானால், அந்த விளம்பரம் வெளியாகும் முன்பே தோற்றுவிட்டது.