43 விநாடியும் 28 விநாடியும்: 'ஃப்ளோ' புத்தகத்தில் உதைக்கும் ஒரு கணக்கு

'ஃப்ளோ' பற்றிப் பத்து நிமிட வீடியோ பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய 1990ஆம் வருடப் புத்தகத்தை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. மிஹாய் சிக்சென்ட்மிஹாய் எழுதிய அந்தப் புத்தகத்தை சமீபத்தில் மறுபடி படித்தேன். அதில் பாராட்ட வேண்டியதும் இடிக்கிறதும் ஒரே அத்தியாயத்தில், வேலையைப் பற்றிய அத்தியாயத்தில் இருக்கு. அதை மட்டும் பார்ப்போம்.

கருத்து எளிமையானது. ஒரு வேலையின் சவாலும் நம்ம திறமையும் சமமாக, இரண்டுமே கொஞ்சம் உயர்ந்த அளவில் இருந்தால் மனசு அதிலேயே கரைஞ்சு போகும். நேரம் போவது தெரியாது. சவால் மிஞ்சினால் பதற்றம், திறமை மிஞ்சினால் சலிப்பு. 1975இல் வந்த முந்தைய புத்தகத்தில் அவர் ஆராய்ந்தது மலையேறுபவர்கள், செஸ் ஆடுபவர்கள், அறுவை சிகிச்சை நிபுணர்கள் மாதிரியான ஆட்களை. 1990இல் சாதாரண ஜனங்கள் உள்ளே வருகிறார்கள்: இத்தாலிய ஆல்ப்ஸ் கிராமத்தில் விடியற்காலையில் பால் கறக்கும் 76 வயதுப் பாட்டி, சிகாகோவில் ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் ஜோ என்கிற வெல்டர். ஜோ எந்த இயந்திரத்தையும் சரி செய்வார், மேஸ்திரி பதவி தேடி வந்தும் வேண்டாம்னுட்டார். படைப்பு மனநிலை கலைஞனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை என்று காட்டியதுதான் இந்தப் புத்தகத்தின் பெரிய சாதனை.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். முழுநேர வேலை பார்க்கும் 100க்கும் மேற்பட்டவர்களிடம் பேஜர் கொடுத்தார்கள். ஒரு வாரம், தினம் எட்டு முறை அது கத்தும். கத்தும்போதெல்லாம் என்ன செய்றோம், சவால் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று ஒரு படிவத்தில் குறிக்கணும். முடிவு: வேலை நேரத்தில் 54 சதவீதம் ஃப்ளோ, ஓய்வு நேரத்தில் 18 சதவீதம்தான். எல்லோரும் மேற்கோள் காட்டுகிற எண் இது.

ஆனால் 'ஃப்ளோ' என்று எதை எண்ணினார்கள்? சவால், திறமை இரண்டும் அந்த ஆளோட அந்த வாரச் சராசரிக்கு மேலே இருந்தால் அது ஃப்ளோ. இங்கேதான் கணக்கு உதைக்குது. வாரம் முழுக்க கவர் ஒட்டுகிறவருக்கும் சில மணி நேரம் தன் சராசரிக்கு மேலே அமைந்துவிடும். வீட்டில் டிவி பார்ப்பதைவிட வேலையில் சவால் கூடுதல் என்பதால், இந்த அளவுகோலில் வேலை ஜெயிப்பது கிட்டத்தட்ட நிச்சயம். நியாயமாகச் சொல்லணும்னா, அந்த நேரங்களில் மனசு குவிந்து உற்சாகமாக இருந்ததாகவும் படிவங்கள் காட்டின. அதனால் எண் பொய்யில்லை. ஆனால் பாதி நாள் மெய்மறந்து வேலை செய்கிறோம் என்று அதற்கு அர்த்தமும் இல்லை.

இன்னொரு எண்: மேலாளர்களுக்கு வேலையில் 64 சதவீதம், ஆலைத் தொழிலாளிகளுக்கு 47. தொழிலாளிக்கும் ஓய்வைவிட வேலையில்தான் இருமடங்குக்கு மேல் ஃப்ளோ என்பதைத்தான் புத்தகம் முன்னே வைக்குது. என் கண் போனது நடுவில் இருக்கும் 17 புள்ளிகள் மேல். வேலையை எப்படிச் செய்யலாம் என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கு என்பதோட நிழல் அதில் இல்லையா?

ரீக்கோ கதை இதற்கு நல்ல உதாரணம். அசெம்ப்ளி லைனில் ஒரே வேலை, ஒவ்வொன்றுக்கும் 43 விநாடி, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 முறை, ஐந்து வருடமாக. அவர் அதை ஓட்டப்பந்தய வீரர் மாதிரிப் பயிற்சி செய்து 28 விநாடி சராசரிக்குக் கொண்டு வந்தார். ஆனால் தான் முந்திப் போவதை பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. புத்தகம் இதை உள் திருப்தியின் அடையாளமாகக் காட்டுது. டார்கெட் போட்டு வேலை வாங்கும் எந்த இடத்திலும் இருந்தவர்களுக்கு இன்னொரு காரணம் சட்டுன்னு தோணும்: சொன்னால் அடுத்த மாதம் எல்லோருக்கும் 28தான் டார்கெட். சாஃப்ட்வேரிலும் அப்படித்தான். ஒருவர் ஆசையாக ராத்திரி உட்கார்ந்து இரண்டு நாளில் முடித்ததை, அடுத்த முறை எஸ்டிமேட்டாக எழுதி வைப்பார்கள்.

இன்னொன்று. இந்த வேலையில் சவால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று ரீக்கோவுக்கே தெரியும். அதனால் வாரத்தில் இரண்டு மாலை எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்குப் போகிறார், வேறு வேலை தேட. ஆக, அவரைக் காப்பாற்றியது மனப்பயிற்சி மட்டும் இல்லை. வெளியே போக ஒரு கதவும் இருந்தது. அந்தக் கதவு இல்லாத தொழிலாளிக்கு, சலிப்பு உன் மனசில்தான் இருக்கு என்று இந்தப் புத்தகத்தைக் காட்டிச் சொல்வது அநியாயம். வேலையை மாற்றி அமைக்கணும் என்றும் சிக்சென்ட்மிஹாய் எழுதியிருக்கார். மேடைப் பேச்சாளர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டு மனசு பற்றிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

படிக்கலாமா? கண்டிப்பாக. ரீக்கோ பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்க: ஒரு தடவை அவர் இடத்தில் நின்று, ஒரு தடவை அவரோட சூப்பர்வைசர் இடத்தில் நின்று.