பெரிய ஆடியும் புறநகர்ப் பட்டறையும்

தொலைநோக்கி ஆடியைத் தானே அரைத்துச் செய்யும் ஆர்வலருக்கு வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே சிலிக்கான் கார்பைடு தூளையும் தண்ணீரையும் இட்டு, மேல்வட்டைத் தள்ளியும் திருப்பியும் தேய்த்தால் மேலது குழியும், கீழது குவியும். பிறகு தூளின் பருமனைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிட்ச் என்னும் கீல் பூசிய வட்டின் மேல் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்ற வேண்டும். வடிவத்தைச் சரிபார்க்க 1850களின் இறுதியில் லியோன் ஃபூக்கோ வகுத்த கத்திமுனைச் சோதனைக்கு ஒரு சிறு விளக்கும் சவர அலகும் போதும். ஆறு, எட்டு அங்குல ஆடிகள் இப்படித்தான் உலகெங்கும் வீடுகளில் உருவாகின்றன. ஒரு மீட்டர் ஆடியையும் இதே வழியில் செய்துவிடலாம் என்ற துணிச்சல் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்தத் துணிச்சலைக் கணக்கு சற்றே அடக்குகிறது. குவியத்தொலைவு விட்டத்தைப் போல் ஆறு மடங்குள்ள எட்டு அங்குல ஆடியில் அரைத்து நீக்க வேண்டிய கண்ணாடி சுமார் 80 கிராம். நான்கு மடங்குள்ள ஒரு மீட்டர் ஆடியிலோ அது சுமார் 15 கிலோ. முதல் ஆடியில் வேண்டிய பரவளைய வடிவம், நடுவில் அதைத் தொட்டு நிற்கும் கோள வடிவத்திலிருந்து விளிம்பில் விலகும் அளவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. இரண்டாவதில் அது 15 மைக்ரான். பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை மட்டும் வளர்வதில்லை. ஆடி சிறிதோ பெரிதோ, மேற்பரப்பு சுமார் 70 நானோமீட்டருக்குள் சரியாக இருந்தாக வேண்டும்.

அரைப்பு வேலையைப் பொறுத்தவரை சென்னையின் மேற்குப் புறநகர் இதற்கென்றே அமைந்ததுபோல் தோன்றும். 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும், 1961ல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும் வளர்த்த பட்டறைப் பண்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. சுழல்மேடை, கியர்பெட்டி, ஆடியைப் பல புள்ளிகளில் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவற்றை வரைபடம் கொடுத்தால் செய்து தரக்கூடிய டர்னர்களும் வெல்டர்களும் இங்கே அருகருகே இருக்கிறார்கள். 15 கிலோ கண்ணாடியைக் கையால் அரைக்க வேண்டியதில்லை, இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடியும் பக்கத்திலேயே உருவாகிறது. பூந்தமல்லியைத் தாண்டி வரும் ஸ்ரீபெரும்புதூரில் சான்-கோபேன் ஆலை உள்ளது. மவுண்ட் வில்சனில் 1917ல் இயங்கத் தொடங்கிய 100 அங்குலத் தொலைநோக்கியின் வட்டை வார்த்ததும் இதே நிறுவனம்தான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் வருவது கட்டடத்துக்கும் காருக்குமான மெல்லிய தகடு. தடிமன் மாறாமல் விட்டத்தை இரட்டித்தால் தன் எடையால் வட்டு வளைவது பதினாறு மடங்காகும். வெப்பத்தில் விரிவதும் போரோசிலிக்கேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. தகடுகளை உலையில் இளக்கி ஒட்டியோ வளைத்தோ இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆறவிடும் வேகம் தவறினால் உள்ளிறுக்கம் தங்கி, பல மாத உழைப்பு விரிசலோடு முடியும்.

உண்மையான தடை அளவிடுவதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஒரு மீட்டர் ஆடியைக் கத்திமுனையால் சோதிக்க எட்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த எட்டு மீட்டர் காற்றும் அசையக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், பக்கத்துக் கொட்டகையில் பவர் பிரஸ் அடித்துக்கொண்டிருக்கும்போது, மே மாதத்தில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு இதைச் செய்வது தவத்துக்குச் சமம். வெயில் ஏறினால் பிட்ச் இளகும். ரோசின் சேர்த்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் இரவுநேர வேலை ஓரளவு மருந்தாகும். சோதனைக் கருவியே தவறாக இருந்தால் அதற்கு மருந்தில்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி மிக நேர்த்தியாகவே மெருகேற்றப்பட்டது. ஆனால் சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறியிருந்ததால் ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் தட்டையாகிப்போனது. 1990ல் அது விண்ணில் ஏறிய பிறகே குறை தெரிந்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு சோதனைகள் இல்லாமல் பெரிய ஆடியில் இறங்குவது, எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு நடப்பதுதான்.

புறநகரில் இத்தகைய முயற்சிக்கு முன்னுதாரணம் உண்டு. லண்டனை ஒட்டிய ஈலிங்கில், சுகாதாரப் பொறியியல் தொழிலில் இருந்த ஆண்ட்ரூ காமன் 1880களில் தன் வீட்டிலேயே 60 அங்குல ஆடியை அரைத்தார். முதல் வட்டில் விண்மீன்கள் நீண்டு தெரிந்தன. இன்னொன்றை அரைக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் புகழ் தந்ததோ 1883ல் எடுத்த ஓரியன் நெபுலாப் படம். அது கால்வர் என்ற தொழில்முறைக் கலைஞர் செய்த 36 அங்குல ஆடியால் எடுக்கப்பட்டது.

வானமும் கணக்கில் சேர வேண்டும். ஒரு மீட்டர் ஆடி கோட்பாட்டளவில் 0.12 விகலை வரை பிரித்துக் காட்டும். சமவெளியின் கலங்கிய காற்று அதைப் பல மடங்கு மழுக்கிவிடும். எஞ்சுவது ஒளி திரட்டும் ஆற்றல். அம்பத்தூர், ஆவடியின் வெளிச்சம் கலந்த வானில் மங்கலான கேலக்ஸிகளுக்கு அதுவும் பயன்படாது. ஆகவே ஆடி ஜவ்வாது மலைக்கோ அதுபோன்ற இடத்துக்கோ போயாக வேண்டும். அந்த மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் வளர்ந்த வரிசையும் கவனிக்கத்தக்கது. 725 மீட்டர் உயரத்தில் இடம் தேர்ந்து, 1968ல் உள்நாட்டிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அது தொடங்கியது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பெங்களூர் ஒளியியல் கூடத்தில் அரைத்த 2.34 மீட்டர் ஆடி 1985ல்தான் அங்கே ஒளி கண்டது.

இப்படிப் பார்த்தால் தனி ஆர்வலருக்கு 16 முதல் 20 அங்குலம் வரை நியாயமான எல்லை: இரண்டு பேர் தூக்கலாம், காரில் ஏற்றலாம். அதற்கு மேல் போவது, இடமும் பராமரிப்பும் உறுதியான ஒரு குழுவுக்கே பொருந்தும். அந்தப் பராமரிப்பில் எளிதில் மறந்துபோவது அலுமினியப் பூச்சு. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள அந்தப் படலம் சென்னையின் ஈர உப்புக்காற்றில் விரைவில் மங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெற்றிட அறையில் புதுப்பிக்க வேண்டும். ஒரு மீட்டர் வட்டு நுழையும் அறைகள் மிகச் சில. அவை பெரும்பாலும் ஆய்வு நிறுவனங்களின் கையில் இருப்பதால், வட்டு வாங்கும் முன்பே அங்கே அனுமதி பெற்றிருக்க வேண்டும்.