துக்ரா: எழிலும் பொறுப்பும்

ஒருவர் பெயரின் எழுத்துகளைப் பின்னி ஒரே உருவமாக்குவதை மேனாட்டார் மோனோகிராம் என்பர். அதனை வெறும் அலங்கார வேலை எனக் கருதுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. பெயரைப் பொறிப்பவர், அதன்கீழ் எழுதப்பட்டதற்குப் பொறுப்பேற்கிறார். அப்பொறுப்பே இக்கலையின் உயிர் என்பது நம் துணிபு.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்க்கு மடல் விடுக்க நாடியபோது, முத்திரையில்லா மடலை அம்மன்னர்கள் ஏலார் எனச் சொல்லப்பட்டது. அதன்பின்னரே ‘முஹம்மது ரசூலுல்லாஹ்’ என மூன்று வரிகளில் பொறித்த வெள்ளி மோதிரம் செய்யப்பெற்றது. அப்பொறிப்பைப் பிறர் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். அம்முத்திரை அணியன்று, அமானிதம்.

உதுமானிய சுல்தான்களின் துக்ராவையும் இவ்வளவுகோலால் அளப்போம். 1324ஆம் ஆண்டு ஓர்கானின் ஆவணத்திலேயே அது காணப்படுகிறது. பின்னாளில் சுல்தானின் பெயர், தந்தையின் பெயர், ‘என்றும் வெற்றியுடையார்’ என்னும் பொருளுடைய தொடர் ஆகிய மூன்றும் அதில் பிணைந்தன. நிமிர்ந்த மூன்று கோடுகள். இடப்புறம் ஒன்றனுள் ஒன்றாய் இரு வளையங்கள். வலப்புறம் நீளும் கைகள். நிஷாஞ்சி என்னும் அதிகாரி ஃபர்மானின் தலைப்பில் இதனை வரைவார். இத்துணைச் செறிந்த பின்னலைப் போலியாக வரைவது எளிதோ?

சுலைமான் (1520–1566) காலத்துத் துக்ராக்களில் வளையங்களுக்குள் பொன்னும் நீலமுமாய்ப் பூவேலை நிறைந்திருக்கும். கண் மலர்களில் தங்கிவிடுகிறது, பெயர் பின்னடைகிறது. இரண்டாம் மஹ்மூதின் (1808–1839) துக்ராவைச் செப்பனிட்ட முஸ்தஃபா ராகிமோ, பூக்களை நாடவில்லை. எழுத்துகளின் அளவையும் சாய்வையும் ஒழுங்கு செய்தார். அங்கே எழுத்தே எழிலாயிற்று. நம் மதிப்பில் ராகிமே உயர்ந்தவர்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. ‘என்றும்’ எனப் பொருள்படும் ‘தாயிமன்’ என்னும் சொல் துக்ராவின் உள்வளையத்தில் அமர்ந்திருக்கும். சுல்தான் ஆட்சியோ 1922ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நீக்கப்பட்டது. 1928இல் துருக்கியின் எழுத்தே மாறியது. தம் பாட்டனார் படித்த பொறிப்பைப் பேரர் பயிலாமற் படிக்க இயலாத நிலை வந்தது. பொறுப்பேற்ற கை மறைந்தது. கோலம் மட்டும் எஞ்சியது.

துருக்கியரைக் குறைகூற இதனை எழுதினோமில்லை. நம் இல்லங்கள் பலவற்றிலும் துக்ரா வடிவில் எழுதிய பிஸ்மில்லாஹ் சட்டமிட்டுத் தொங்குகிறது. அதில் ‘பா’ எங்கே தொடங்குகிறது, ‘மீம்’ எங்கே முடிகிறது என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் விரல் வைத்துக் காட்டுவோர் நம்மில் எத்தனை பேர்? படிக்காத எழுத்துக்குச் சுவரில் இடம் கொடுத்தோம், நெஞ்சில் கொடுத்தோமா? இன்றிரவே பிள்ளைகளை அருகமர்த்தி, ஒவ்வோர் எழுத்தாய்க் காட்டிப் படிப்பிப்போம். அழகு அதனால் குறையாது, பொருள் திரும்பிவரும்.