ஆண்டின் நடுவில் ஒரு கணக்கு

ஜூன் மாதம் முடிந்து ஜூலை பிறக்கும்போது கடைக்காரர் தம் இருப்பைச் சரிபார்க்கிறார். உழவர் ஆடிப்பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கிறார். எழுதுகிறவர்களும் இந்நாள்களில் தங்கள் ஏட்டைத் திறந்து பார்ப்பது நலம். நாமும் திறந்து பார்த்தோம். சனவரி முதல் ஆறு மாதங்களில் நான்கு கட்டுரைகள், இரண்டு சிறுகதைகள், முற்றுப்பெறாத கவிதைகள் சில. எண்ணிக்கையில் குறையில்லை. ஆயினும் ஏட்டை மூடியபோது உள்ளம் நிறைவு கொள்ளவில்லை. அதற்குக் காரணம் அவ்விரு கதைகளுள் ஒன்று. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம். இந்த நிறைவின்மையை எப்படி எடைபோடுவது என்று எண்ணியபோது, ஆண்டின் நடுவில் இதே கணக்கைப் பார்த்த பெரிய எழுத்தாளர் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1902இல் கலிபோர்னியாவிலுள்ள சலினாஸ் என்னும் ஊரில் பிறந்தவர். 1936இல் அவ்வூரில் கீரை பொதியும் கூடத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நிலவுடைமையாளரும் அவர்களைச் சார்ந்தோரும் அதனை வன்முறையால் ஒடுக்கினர். அந்த ஒடுக்குமுறையை எள்ளி நகையாடும் நூலொன்றை ஸ்டைன்பெக் எழுதி முடித்தார். வெளியீட்டாளரும் அதனை எதிர்பார்த்திருந்தார். ஆனால் 1938 மே மாதத்தில் அவர் அந்தக் கைப்படியை அழித்துவிட்டார்.

இதற்கு அவர் கடிதத்தில் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. நடை சரியில்லை என்றோ விற்பனையாகாது என்றோ அவர் அஞ்சவில்லை. மனிதரை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, அவர்மேல் வெறுப்பை மூட்டுகிற நூலாக அது அமைந்துவிட்டது என்பதே அவர் கண்ட குற்றம். அவ்வாண்டின் தொடக்கத்தில் விசாலியா பகுதியில் வெள்ளம் சூழ்ந்து, வேலை தேடி வந்திருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி கிடந்தன. ஸ்டைன்பெக் அங்கே சென்று அத்துயரைக் கண்ணால் கண்டார். சேற்றில் கிடந்த மனிதரைக் கண்டு திரும்பியவருக்குத் தம் கேலி நூல் சிறியதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

அழித்த கையோடு, அதே மே மாத இறுதியில் புதிய நாவலைத் தொடங்கினார். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்னும் அந்நாவலின் பெயருக்குச் 'சினத்தின் திராட்சைகள்' என்று பொருள் கொள்ளலாம். திருவெளிப்பாட்டு நூலில் வரும் திராட்சைப் பிழிவுக்குழியின் உருவகம் அமெரிக்கப் பாடல் ஒன்றின் வழியாக அத்தலைப்பில் வந்து சேர்ந்தது. தலைப்பைத் தேர்ந்தவர் அவருடைய துணைவி கேரல். கையெழுத்தைத் தட்டச்சு செய்தவரும் அவரே. ஏறத்தாழ இரண்டு இலட்சம் சொற்கள் கொண்ட நாவல் அக்டோபர் 26ஆம் நாள் முடிவுற்று, 1939 ஏப்ரலில் வெளிவந்தது.

நாவலை எழுதிய நாள்களில் ஸ்டைன்பெக் ஒரு குறிப்பேடும் எழுதி வந்தார். அவர் 1968இல் மறைந்து இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1989இல், இராபர்ட் டிமாட் அதனைப் பதிப்பித்தார். அன்றைய பணியைத் தொடங்குமுன் மனத்தை ஒருமுகப்படுத்த எழுதிய சிறு பத்திகளே அதில் மிகுதி. ஆகஸ்டு மாதப் பக்கங்கள் படிக்கவே வருத்தம் தருகின்றன. வெளியீட்டு நிறுவனம் நொடித்துப்போகிறது; விருந்தினர் வந்தவண்ணம் இருக்கின்றனர்; புது இடம் வாங்கும் கவலை வேறு. தாம் எழுத்தாளரே அல்லர் என்றும், தம்மையும் பிறரையும் ஏமாற்றி வந்ததாகவும் அவர் எழுதிவைக்கிறார்.

மே மாதத்துத் தீர்ப்பையும் ஆகஸ்டு மாதத்துத் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் அவர் தம் எழுத்தைத் தீர்ப்பிட்டார். அந்தத் தீர்ப்பு சரியானது. அதனால் ஒரு பெருநாவல் பிறந்தது. ஆகஸ்டில் அவர் தம்மையே தீர்ப்பிட்டார். அந்தத் தீர்ப்பு பிழையானது. அப்போது மேசைமேல் பாதி வளர்ந்திருந்த நாவலே அதற்குச் சான்று. அந்தச் சோர்வுக்கு அவர் கண்ட மருந்தும் எளியது. மறுநாளும் அமர்ந்து அன்றைய பங்கை எழுதினார்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்யும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. செய்த குற்றத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம். "நான் எதற்கும் உதவாதவன்" என்று புலம்புவது பாவ அறிக்கையாகாது. அது சில வேளைகளில் உண்மைக் குற்றத்தைச் சொல்லாமல் தப்பும் வழியாகவும் அமைந்துவிடும்.

மே மாதத்து முடிவு நாவலுக்குள் என்ன பயன் விளைத்தது என்பதற்கு ஒரு காட்சியைக் காட்டலாம். குத்தகை உழவரின் வீட்டை இடிக்க டிராக்டர் வருகிறது. அதை ஓட்டுபவன் அயலான் அல்லன். அவ்வூரில் தெரிந்த குடும்பத்துப் பையன்தான். நாளொன்றுக்கு மூன்று டாலர் கூலிக்காகவே இவ்வேலைக்கு வந்தேன், எனக்கும் மனைவி மக்கள் உண்டு என்கிறான் அவன். அவனைச் சுட்டால் தீருமா, அவனை அனுப்பியவரைச் சுட வேண்டுமா, அவருக்கும் மேலே இருப்பவர் யார் என்று உழவர் திகைக்கிறார். அழிக்கப்பட்ட கேலி நூலில் இத்தகைய பையனுக்கு இடம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

நாவல் முழுவதும் இந்த உயரத்தில் நிற்கிறது என்று நாம் சொல்லவில்லை. கதைக்கு இடையிடையே வரும் பொது அத்தியாயங்கள் சில, மறையுரையின் குரலுக்கு மாறிவிடுகின்றன. அதே வயல்களில் நெடுங்காலம் உழைத்த மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் நாவலில் முகம் பெறவில்லை. தாம் வகுத்த அளவுகோலுக்கு ஸ்டைன்பெக்கும் முழுமையாக ஈடுகொடுக்கவில்லை. எனினும் அளவுகோல் சரியானது.

இனி நம் கதைக்கு வருவோம். கந்துவட்டிக்காரர் ஒருவரைப் பற்றியது அது. தங்கச் சங்கிலி, வெற்றிலைக் கறை, இரக்கமற்ற சிரிப்பு என்று அவரைத் தீட்டியிருந்தோம். கடன்பட்ட பெண்ணை அழவைத்திருந்தோம். வாசித்தவர்கள் பாராட்டினர், நாமும் மகிழ்ந்தோம். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் அருகில் வந்தார். மகள் அக்கதையை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா நான் ஏன் அந்த ஆள்கிட்டப் போயி வாங்கினேன்னு அதுல இல்லையே" என்றார்.

அவரை மனத்தில் வைத்து நாம் எழுதவில்லை. ஆனாலும் கதையில் தம்மையே அவர் கண்டிருந்தார். கண்டு, ஒரு வெற்றிடத்தையும் சுட்டினார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். வங்கியில் கேட்ட தாள்கள் அவரிடம் இல்லை. உறவினரிடம் கேட்டதில் மானம் போனதுதான் மிச்சம். அந்த மனிதர் ஒன்றும் கேட்காமல் ஒரு மணி நேரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பிறகு வட்டி கழுத்தை நெரித்தது உண்மை. ஆனால் மற்ற எல்லாக் கதவுகளும் மூடியிருந்தபோது அந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது என்பதும் உண்மை. மூடிய கதவுகளுள் நம்முடையதும் ஒன்றாயிருக்கலாம். நாம் எழுதியது பாதி உண்மை. ஒரு மனிதரை வெறுக்கச் செய்து, வாசகரையும் நம்மையும் நல்லவர்களாக உணரவைத்து அனுப்பிவிட்டோம்.

அச்சான கதையை அழிக்க இயலாது. இதனால் நமக்கு எழுதத் தகுதியில்லை என்று முடிவுகட்டுவதும் ஆகஸ்டு மாதத்துப் பிழையைச் செய்வதாகும். குற்றம் கதையில் உள்ளது, அதனைத் திருத்தலாம். இம்மாதம் அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எழுதுகோலை எடுக்காமல் அவர் சொல்வதைக் கேட்பதாக இருக்கிறோம். அவர் இசைந்தால் அதன்பின் கதையை முதலிலிருந்து எழுதுவோம். அந்தக் கடன்காரர் அதில் எப்படி வருவார் என்பது இப்போது நமக்குத் தெரியாது.

இவ்விதழை வாசிப்போருள் எழுதுகிறவர்கள் பலர். திருவிழா மலருக்குக் கவிதை, கிறிஸ்து பிறப்புக்கு நாடகம், இளையோர் கூட்டத்துக்குப் பாடல் என்று உங்கள் ஏட்டிலும் ஆறு மாத விளைச்சல் இருக்கும். அதனை எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, அது யாரைப் பற்றியதோ அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டபின் அடுத்த ஆறு மாதங்களைத் தொடங்கலாம்.