துப்பறியும் புதினமும் திரை வழிநூலும்

பெருமாநல்லூர்ச் சுற்றுப்புறத்தினின்று பயில வரும் மாணவர் ஒருவர், சுஜாதாவின் ‘பிரியா’வைப் படித்து முடித்தபின், “படத்தில் கணேஷ் காதலிக்கிறாரே, புதினத்தில் அப்பகுதி எங்கே?” என வினவினார். அவர் முன்னரே கண்டது திரைப்படம். பின்னரே கற்றது புதினம். வழிவந்ததை முதலாகவும் முதலைக் குறையுடையதாகவும் கருதும் இம்மயக்கம் ஆராயத்தக்கது.

புதினம் படமாகுங்கால், ‘உள்ளவாறே எடுத்தனர்’ என்றும் ‘சிதைத்தனர்’ என்றும் கூறுவதே திறனாய்வாளர் வழக்கு. இவ்விரு சொற்களும் அளவுகோல் ஆகா. நம் இலக்கண மரபு அதனினும் நுண்ணிய அளவுகோல் ஒன்றைத் தந்துள்ளது. நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தார். முதனூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் விரும்பும் வேறுபாடுகளையும் ஏற்று, மரபு அழியாது நிற்பது வழிநூல். ஒருபுடை ஒத்துப் பிறவற்றில் திரிந்து செல்வது சார்புநூல். இப்பகுப்பைத் திரைக்கும் பொருத்திக் காண்போம்.

அமெரிக்காவில் ‘ஹார்ட் பாயில்ட்’ என வழங்கும் வன்போக்குத் துப்பறியும் புதினத்தில் முடிபு என்பது யாது? குற்றவாளி யார் என்னும் விடை மட்டும் அன்று. சாந்தலரின் ‘தி பிக் ஸ்லீப்’ (1939) புதினத்தில் காரோட்டியைக் கொன்றவர் யார் என்பது விளங்காமலே போயினும் கதையின் ஆற்றல் குன்றவில்லை. கூலிக்கு உழைப்பினும் விலைபோகாமல், எவரோடும் முற்ற ஒன்றாமல் தனித்து நிற்கும் துப்பறிவோனின் நிலையே ஈண்டு முடிபாகும்.

ஹாம்மெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ 1930இல் நூலாயிற்று. இருமுறை படமாக்கப்பட்ட பின்னர், 1941இல் ஜான் ஹூஸ்டன் அதனை மூன்றாம் முறை இயக்கினார். புதினத்திலுள்ள ஃபிளிட்கிராப்ட் என்பானின் கிளைக்கதை படத்தில் இல்லை. கட்மனின் மகளும் இல்லை. ஆயினும், தான் விரும்பிய பெண்ணையே ஸ்பேட் காவலரிடம் ஒப்படைக்கும் முடிபு மாறவில்லை. பகுதிகள் குறைந்தும் முடிபு ஒத்தமையின் இது வழிநூல்.

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘தி பிக் ஸ்லீப்’ (1946) இதற்கு மறுதலை. புதினத்தில் மார்லோ, அறிந்த உண்மையை நோயுற்ற முதியவரிடமிருந்து மறைத்து, அவ்வழுக்கில் தானும் ஒரு கூறாகிவிட்டதை உணர்ந்து தனியே வெளியேறுகிறான். படத்திலோ, விவியனோடு காதலுற்று இணைகிறான். இனிய உரையாடலும் சிறந்த நடிப்பும் வாய்ந்த அப்படம் சார்புநூலே. ஒரு படத்தின் சிறப்பு வேறு, முதலோடு அது பொருந்துதல் வேறு என்பதற்கு இதுவே சான்று.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் கதையைத் ‘திகம்பர சாமியார்’ (1950) என்னும் படமாக்கினர். அது வன்போக்குப் புதினம் அன்று. எனினும் ஒப்பீட்டுக்கு உதவும். மாறுவேடமே அக்கதைமரபின் உயிர். எம்.என். நம்பியார் பல வேடம் புனைந்து நடித்தமையால், திரையின் ஆற்றலும் கதையின் மரபும் ஒருவழிப்பட்டன.

வன்போக்குப் புதினத்துக்குத் தமிழில் அணுக்கமானவை சுஜாதாவின் கணேஷ் கதைகள். ‘நைலான் கயிறு’ (1968) தொட்டு வரும் கணேஷ் வழக்கறிஞர், காவல்துறையினர் அல்லர், அங்கதம் தோய்ந்த சொல்லே அவர்தம் படைக்கலம். எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘பிரியா’ (1978) படத்தில் ரசினிகாந்த் கணேஷாக நடித்தார். புதினத்தின் நிலைக்களனாகிய இலண்டன் படத்தில் சிங்கப்பூர் ஆயிற்று. இஃது ஏற்கத்தக்க வேறுபாடே. ஊர் மாறின் முடிபு மாறாது. ஆனால், கணேஷுக்குக் காதலியும் காதற்பாட்டும் அமைத்தவிடத்து, விலகி நின்று நோக்கியவர் கதையினுள் மூழ்கிய தலைவர் ஆகிறார். திரிந்தது ஈண்டே.

‘பாட்டின்றித் தமிழ்ப்படம் இயலாது, ஆதலின் இம்மாற்றம் தவிர்க்க இயலாதது’ என்பாரும் உளர். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாத குற்றப்படம். புதினவழி வந்ததன்று எனினும், அத்தடை கலையின் தடையன்று என்பதை அது காட்டுகிறது. விரும்பி மேற்கொண்ட மாற்றத்தை ஊடகத்தின் மேலேற்றுதல் பொருந்தாது.

ஆகவே ‘பிரியா’ படம் சிதைவும் அன்று, வழிநூலும் அன்று, சார்புநூல். இப்பெயரால் வழங்கின் படத்தைப் பழிக்க வேண்டுவதில்லை. புதினத்தின் தனித்தன்மையும் மறையாது. வினவிய மாணவருக்கும் இதுவே விடை: கணேஷ் காதலிக்காமை புதினத்தின் குறையன்று, அதுவே அதன் முடிபு.