பாடம் செய்த உடல்களின் சாட்சியம்

2015ஆம் ஆண்டு, சாலமன் தீவுகளில் உள்ள குவாடல்கனால் மலைக்காட்டில், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிறிஸ் ஃபிலார்டி ஒரு மீசை மீன்கொத்தியைப் பிடித்தார். ஆரஞ்சுத் தலையும் நீல மீசையும் கொண்ட ஆண் பறவை. அதற்கு முன் அருங்காட்சியகங்களுக்குக் கிடைத்தவை ஒருசில பெண் பறவைகள் மட்டுமே. அந்த ஆண் பறவையின் படம் உலகெங்கும் பரவியது. ஆய்வுக்காக அது கொல்லப்பட்டது என்ற செய்தியும் பின்னாலேயே பரவியது. கண்டனங்கள் குவிந்தன. தீவில் அந்த இனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, ஒன்றை எடுத்ததால் இனத்துக்குக் கேடில்லை என்று ஃபிலார்டி விளக்கம் எழுதினார். ஒளிப்படமும் ஒரு சொட்டு ரத்தமும் போதாதா என்ற கேள்வி மட்டும் ஓயவில்லை.

கேள்வி நியாயமானது. ஆனால் விவாதம் முழுவதும் பறவை இறந்த அந்த ஒரு நாளையே சுற்றிவந்தது. அந்த உடலுக்கு அடுத்த நூறு ஆண்டுகளில் என்ன நேர்கிறது, அதன் காலில் கட்டிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, யார் கைக்கு அது எட்டுகிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கொலைக்கு நியாயம் உண்டா என்று சொல்ல முடியும். இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கும்போது, உடல் மாதிரிகளைச் சேர்க்கும் வழக்கம் அறிவியலுக்குத் தந்தது மிகப் பெரிது. அது செய்த பிழைகளும் சிறியவை அல்ல.

பாடம் செய்தல் என்றதும் அரண்மனைச் சுவரில் மாட்டிய மான் தலையும், கண்ணாடிக் கண்ணோடு வாய் பிளந்து நிற்கும் புலியும் நினைவுக்கு வரும். அவை பார்வைக்காகச் செய்தவை. உண்மையை விட்டு வெகுதூரம் விலகவும் கூடியவை. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற வால்ரஸ் இதற்குச் சான்று. உயிருள்ள வால்ரஸுக்குத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். 19ஆம் நூற்றாண்டில் அதைப் பாடம் செய்தவர்கள் அது தெரியாமல் மடிப்பே இல்லாதபடி அடைத்து உப்பவைத்துவிட்டார்கள்.

ஆய்வுக்கான மாதிரி வேறு வகை. பறவையின் வயிற்றுப் பக்கம் கீறி, சட்டையைக் கழற்றுவதுபோலத் தோலை உரித்து, மூளையையும் கொழுப்பையும் நீக்கி, பஞ்சடைத்துத் தைத்து, இறக்கைகளை உடலோடு மடக்கி, மல்லாக்கப் படுக்கவைத்து உலர்த்துகிறார்கள். தவளை, பாம்பு, மீன் ஆகியவை ஃபார்மலினில் இறுகியபின் எத்தனால் நிரம்பிய பாட்டிலுக்குப் போகின்றன. எலும்புக்கூடு வேண்டுமென்றால் உடலை டெர்மெஸ்டிட் வண்டுகளிடம் விட்டுவிடுகிறார்கள். அவை எலும்புக்குச் சேதமில்லாமல் சதையை மட்டும் தின்று தீர்த்துவிடும். இப்போது ஒரு துண்டுத் திசுவையும் உறைநிலையில் எடுத்துவைக்கிறார்கள். கடைசியாக, இடம், தேதி, பால், சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டு. இந்தச் சீட்டு இல்லையென்றால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

அப்படிச் சேர்த்தவை என்ன பயன் தந்தன? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் பொரி வல்லூறுகள் வேகமாகக் குறைந்தன. அவற்றின் கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரெக் ராட்கிளிஃப் பழைய முட்டைச் சேகரிப்புகளைத் தேடிப்போய், ஓட்டின் எடையை முட்டையின் அளவோடு ஒப்பிட்டார். 1947ஐ ஒட்டி ஓடு சட்டென்று மெலிந்திருப்பதை 1967இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். டிடிடி பூச்சிக்கொல்லி பரவலாகத் தெளிக்கப்படத் தொடங்கிய காலம் அது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஜோசப் ஹிக்கியும் டேனியல் ஆண்டர்சனும் அங்குள்ள முட்டைகளிலும் இதையே கண்டார்கள். 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்ததற்குப் பின்னால் இருந்த சான்றுகளில் இந்த ஓடுகளும் உண்டு. அந்த முட்டைகளில் பெரும்பகுதியைப் பொழுதுபோக்காகக் கூடு கலைத்தவர்கள்தான் எடுத்திருந்தார்கள். பிரிட்டன் பின்னர் சட்டம் போட்டுத் தடுத்த பழக்கம் அது. அவர்கள் தேதியை எழுதிவைத்ததால்தான் அந்த முட்டைகள் சாட்சி சொல்ல முடிந்தது.

2017இல் ஷேன் டுபே, கார்ல் ஃபுல்ட்னர் இருவரும் அமெரிக்கத் தொழில் நகரங்களின் சுற்றுவட்டாரத்தில் 135 ஆண்டுகளாகச் சேகரிக்கப்பட்ட ஐந்து இனங்களின் 1,300க்கும் மேற்பட்ட பறவைத் தோல்களை எடுத்துப் பார்த்தார்கள். கொம்பு வானம்பாடியின் வெள்ளை வயிற்றில் கரி படிந்திருந்தது. எந்த ஆண்டு எவ்வளவு கரி என்று அளந்து, காற்றில் நிலக்கரிப் புகை எப்படிக் கூடிக் குறைந்தது என்பதையே மீட்டெடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்றில் கரியின் அளவைக் குறித்துவைக்க முறையான ஏற்பாடு இருக்கவில்லை. பறவையின் இறகில்தான் அந்தப் பதிவு இருந்தது. ஒளிப்படத்தால் இதைத் தந்திருக்க முடியாது. 1984இல், அழிந்துபோன குவாகா வரிக்குதிரையின் பழைய தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து டிஎன்ஏ எடுத்தபோதும் இதுவே நடந்தது. அந்தத் தோலை உரித்தவர் காலத்தில் டிஎன்ஏ என்ற பெயரே கிடையாது. நாளைய கேள்வி என்னவென்று இன்று தெரியாது, அதனால்தான் முழு உடல் வேண்டும் என்பது காப்பாட்சியர்களின் வாதம். அதன் வலிமை இத்தகைய சான்றுகளில் தெரிகிறது.

இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. தீவின் புதர்த் தவளைகளை ரோஹன் பெத்தியகொடவும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தபோது, 19ஆம் நூற்றாண்டில் பாட்டிலில் இட்ட தவளைகளில் சில, இன்று காட்டில் எங்குமே கிடைக்காத இனங்கள் என்று தெரிந்தது. பெயர் வைக்கும்போதே ‘அழிந்துவிட்டது’ என்றும் சேர்த்து எழுத வேண்டிய நிலை. அந்தப் பாட்டில்கள் இல்லாவிட்டால், அழிந்தது என்ன என்பதுகூட இலங்கைக்குத் தெரிந்திருக்காது.

இத்தனைக்கும் அடிப்படை சீட்டு உண்மையாக இருப்பது. அதில் பொய் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நடு இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை காட்டியது. 1873இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் விவரித்த பறவை அது. உலக அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து ஏழு மாதிரிகள்தான் இருந்தன. கடைசியாகக் கிடைத்தது 1914இல் குஜராத்தில் என்று ஒரு சீட்டு சொன்னது. எழுதியவர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன், பேர்போன பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1990களில் பமீலா ராஸ்முசென் அந்தத் தோலை நுணுகிப் பார்த்தார். அதைத் தயாரித்த கைப்பாங்கு ஜேம்ஸ் டேவிட்சன் என்பவருடையது. 1884இல் டேவிட்சன் சேகரித்ததைத் திருடி, திருத்தி, புதுச் சீட்டு கட்டியிருந்தார் மைனர்ட்ஸ்ஹாகன். பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, பழைய நேர்மையான சீட்டுகள் சொன்ன இடங்களுக்கு ராஸ்முசெனும் உடன்வந்தவர்களும் போனார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தை மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது. 113 ஆண்டுகளுக்குப் பிறகு அது கண்ணில் பட்டது. ஒரு பொய் பல பத்தாண்டுகள் தேடலைத் தவறான திசைக்கு அனுப்பியது. பொய்யைக் கண்டுபிடிக்க உதவியதும் பாதுகாத்துவைத்த அதே உடல்தான்.

சேகரிப்புக்கு எதிரான குற்றச்சாட்டுகளில் முதலாவது, அழிவின் விளிம்பில் இருப்பதையே அது குறிவைத்தது என்பது. வரலாறு இதை மறுக்க இடம் தரவில்லை. அரிதாக ஆக விலை ஏறியது. விலை ஏற ஏற வேட்டை கூடியது. 1844இல் ஐஸ்லாந்தை ஒட்டிய எல்டே பாறைத்தீவில் பெரும் ஆக் பறவையின் கடைசி இணையைக் கொன்றதே சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகத்தான். 1900 டிசம்பரில் மெக்ஸிகோவின் குவாடலூப் தீவில் ரோலோ பெக் பதினொரு கரகரா பருந்துகளைப் பார்த்து ஒன்பதைச் சுட்டார். அந்த இனம் நிறைய இருப்பதாக அவர் எண்ணினார். அதன்பின் அதைப் பார்த்ததாக நம்பகமான பதிவு இல்லை. ஆடுமேய்ப்பவர்கள் ஏற்கெனவே அந்த இனத்தை ஒடுக்கியிருந்தார்கள் என்பது உண்மை. கடைசி அடி ஆராய்ச்சியின் பெயரால் விழுந்தது என்பதும் உண்மை. எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தெரியாமல் துப்பாக்கி எடுக்கக் கூடாது என்ற பாடத்துக்கு ஓர் இனமே விலையானது.

இரண்டாவது குறை, சேகரிப்பு காட்டும் படம் கோணலானது. ஐந்து பெரிய அருங்காட்சியகங்களின் சுமார் 25 லட்சம் மாதிரிகளை அலசி 2019இல் வெளியான ஆய்வில், பறவைகளில் பெண்கள் 40 சதவீதம்தான். வண்ணமும் கொம்பும் உள்ள ஆண்களே சேகரிப்பாளரின் கண்ணை இழுத்திருக்கின்றன. இந்தச் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் ஓர் இனத்தின் உடல் அளவையோ நோயையோ பேசினால் முடிவு பிசகும்.

மூன்றாவது, பதப்படுத்தும் பொருள்களின் கேடு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெக்கர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பு, பூச்சி அரிக்காமல் தோல்களைக் காத்தது. தோலைக் கையாண்டவர்களின் உடலில் நஞ்சையும் ஏற்றியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அது புழக்கத்தில் இருந்ததால், பழைய தோலைத் தொடுபவர் இன்றும் கையுறை போடத்தான் வேண்டும். ஃபார்மலின் உடலின் வடிவத்தைக் காக்கும், டிஎன்ஏயைச் சிதைத்துவிடும்.

நான்காவது, யாருக்குச் சொந்தம் என்பது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளில் பலவற்றை முதன்முதலாக விவரித்தவர். ஓர் இனத்தை விவரிக்க ஆதாரமாக வைத்த உடல்களான அவருடைய மூலமாதிரிகள் பெரும்பாலும் லண்டனில் இருக்கின்றன. 1885இல் ஹியூம் கொடுத்த சுமார் 82,000 தோல்களும் முட்டைகளும் கூடுகளும் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். ஆனைமலையில் பிடித்த பாம்பு புது இனமா பழைய இனமா என்று உறுதிசெய்ய, அந்த மலையடிவாரத்தில் வளர்ந்த ஆய்வாளர் லண்டனுக்கு விசாவும் பயணச்சீட்டும் தேட வேண்டியிருக்கிறது. அங்கே அவை கவனமாகக் காக்கப்பட்டன என்பது மெய். அதனால் இந்த அநீதி நேராகிவிடவில்லை. ஒளிப்படமும் நுண் ஸ்கேனும் எடுத்து இணையத்தில் திறந்துவிடுவது, அந்த அருங்காட்சியகங்கள் செய்யத்தக்க குறைந்தபட்ச ஈடு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, சேர்த்ததைக் காக்காமல் விடுவது. 2009இல் பிரிட்டனின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. தூண்டில் ஈ கட்டுவோருக்கு இறகு விற்கவே திருட்டு. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்த பறவைகளும் அதில் அடக்கம். மீண்டு வந்தவற்றில் பலவற்றின் சீட்டு அறுக்கப்பட்டிருந்ததால் அவை ஆய்வுக்கு உதவாத வெறும் இறகுகளாயின. 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்து சுமார் 50 லட்சம் பூச்சி மாதிரிகள் சாம்பலாயின. எரியும் எத்தனாலையும் உலர்ந்த தோலையும் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீத்தடுப்பு ஏற்பாடு செய்யாதது, அந்த உயிர்களை இரண்டாம் முறை கொல்வதற்குச் சமம்.

கொல்லாமலே காரியம் ஆகாதா? ஆன சந்தர்ப்பங்கள் உண்டு. 2006இல் அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டில் ரமணா ஆத்ரேயா பூகன் லியோசிக்லா என்ற புதுப் பறவையை, வலையில் உதிர்ந்த சில இறகுகள், படங்கள், குரல் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டு, அவற்றைக் கொண்டே அறிவித்தார். கண்ணில் பட்டவையே மிகச் சில என்பதால் ஒன்றைக்கூட எடுக்க அவருக்கு மனமில்லை. அது சரியான முடிவு. சோமாலியாவில் 1988இல் தென்பட்ட புலோ புர்ட்டி கீச்சான் குருவியின் கதை வேறு திசையில் போயிற்று. ரத்தமும் இறகும் எடுத்துவிட்டு அதையும் விடுவித்தார்கள். 1991இல் புது இனம் என்று அறிவித்தார்கள். அது ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்தின் நிறமாற்றமே என்று 2008இல் டிஎன்ஏ ஆய்வு காட்டியது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள், எடுத்துவைத்து ஒப்பிட ஓர் உடல் இல்லாமலே அந்தப் பெயர் பட்டியலில் இருந்தது. உடல் மாதிரி இல்லாத முடிவுகளைச் சரிபார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சான்று.

ஆக, அரிய உயிரென்றால் இறகும் ரத்தமும் போதும். எண்ணிக்கை தெரிந்து, அனுமதி பெற்று, பாதுகாக்க இடமும் ஆளும் பணமும் இருக்கும்போது மட்டும் முழு உடல் என்று எல்லை வகுக்கலாம். இந்த எல்லைக்குள்ளேயே இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்கு யாரையும் கொல்ல வேண்டாம். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் வில்லார்ட் 1978 முதல் நகரத்துக் கட்டடங்களின் கண்ணாடியில் மோதி இறந்த வலசைப் பறவைகளைப் பொறுக்கி அளந்து வைத்தார். 52 இனங்களின் 70,716 பறவைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அவற்றின் உடல் சிறுத்து இறக்கை சற்று நீண்டதைக் காட்டியது. கால் எலும்பு 2.4 சதவீதம் குறைந்திருந்தது. சூடேறும் கோடைகளோடு இது பொருந்திவருகிறது.

இந்தியச் சாலைகளிலும் மின்கம்பிகளிலும் நாள்தோறும் உயிர்கள் மடிகின்றன. முதுமலையிலும் வால்பாறையிலும் வண்டியில் அடிபடும் பாம்பும் தவளையும் மரநாயும் யாருக்கும் பயனில்லாமல் நசுங்கிப் போகின்றன. பாதுகாக்கப்பட்ட இனத்தின் உடலை அனுமதியின்றி எடுக்க 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. கடத்தலைத் தடுக்க அந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் வனத்துறை, கல்லூரிகள், இந்திய விலங்கியல் ஆய்வகம், சென்னை அரசு அருங்காட்சியகம் ஆகியவற்றை இணைத்து, இறந்த உடல் கிடைத்த அன்றே பதிவுசெய்து, சீட்டு எழுதி, திசுவை உறையவைக்கும் எளிய அனுமதி முறையை அரசு வகுக்க முடியும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் ஓர் உறைபெட்டியும் பயிற்சி பெற்ற இரண்டு பேரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.